தகவல் பெருகியது, விசாரிக்கும் வழக்கம் என்னவாயிற்று?

2018ஆம் ஆண்டு மார்ச் மாதத்தின் முதல் பத்து நாட்களைக் கண்டி மாவட்டத்து மக்கள் இலகுவில் மறந்துவிடமாட்டார்கள். அவ்வாண்டு பெப்ரவரி 22ஆம் திகதி தெல்தெனியவில் ஏற்பட்ட வீதித் தகராறொன்றில் தாக்கப்பட்ட லொறிச் சாரதி ஒருவர், மார்ச் மாத ஆரம்பத்தில் வைத்தியசாலையில் உயிரிழந்தார். சட்டத்தின் வழியில் விசாரித்துத் தீர்க்கப்பட்டிருக்க வேண்டிய அக்குற்றம், சில தினங்களுக்குள் ஒரு முழுச் சமூகத்தின் மீதான குற்றச்சாட்டாக மாற்றப்பட்டது. மார்ச் 5ஆம் திகதி திகனையில் மூண்ட வன்செயல் அக்குறணை, கட்டுகஸ்தோட்டை, அம்பதென்ன என அயல் ஊர்களுக்கும் பரவியது. நூற்றுக்கணக்கான வீடுகளும் வர்த்தக நிலையங்களும், பல பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. எரியூட்டப்பட்ட வீடொன்றினுள் சிக்கிக்கொண்ட முஸ்லிம் இளைஞர் ஒருவர் பலியானார். மார்ச் 6ஆம் திகதி நாட்டில் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. மறுநாள் பேஸ்புக், வட்ஸ்அப் உள்ளிட்ட சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டு, அத்தடை ஒரு வாரத்துக்கும் மேலாக நீடித்தது.

அத்தடை நடைமுறையிலிருந்த மார்ச் 9ஆம் திகதி, உலகின் முன்னணி விஞ்ஞான சஞ்சிகைகளுள் ஒன்றான 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியானது. அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்தைச் சேர்ந்த சொரூஷ் வொசூகி, டெப் ரோய், சினான் அரல் ஆகியோர், 2006 முதல் 2017 வரை டுவிட்டரில் உலவிய ஏறத்தாழ 126,000 செய்திகளை ஆராய்ந்து அதனை எழுதியிருந்தனர். சுமார் 30 இலட்சம் பேர் பகிர்ந்த செய்திகள் அவை. உண்மைச் செய்தியை விடப் பொய்ச் செய்தி மீள்பகிரப்படுவதற்கான வாய்ப்பு 70 சதவீதம் அதிகம் என்றும், 1,500 பேரைச் சென்றடைய உண்மைக்குப் பொய்யைப் போல் ஏறத்தாழ ஆறு மடங்கு காலம் பிடித்தது என்றும் அவர்கள் கண்டனர். இதற்குத் தானியங்கிக் கணக்குகளை மாத்திரம் குறைகூற முடியாது, விரும்பிப் பரப்பியவர்கள் மனிதர்களே என்பதும் அவ்வாய்வின் முடிவாகும்.

திகனை எரிந்துகொண்டிருந்த வாரத்திலேயே, அது ஏன் எரிந்தது என்பதற்கான விளக்கத்தின் ஒரு பகுதி உலகின் மறுபுறத்தில் அச்சாகிக்கொண்டிருந்தது. ஆனால் அந்த விளக்கம் எமது மக்களுக்கு எட்டவில்லை. வதந்தி சிங்களத்தில் வந்தது. ஆய்வு ஆங்கிலத்தில் வந்தது. இணையம் அறிவுக்கு என்ன செய்திருக்கிறது என்று சிந்திக்க முற்படுவோர் இந்த ஒரு வாரத்தை முன்வைத்துச் சிந்திப்பது பயனுடையதாகும்.

வதந்தி பழையது, வாகனம் புதியது

வதந்தியால் இனக்கலவரம் மூள்வது கண்டிக்குப் புதியதன்று. 1915ஆம் ஆண்டு மே மாத இறுதியில், வெசாக் ஊர்வலத்தை ஒட்டிக் கண்டி நகரில் தொடங்கிய சிங்கள-முஸ்லிம் கலவரம் சில நாட்களில் மேல், தென், வடமேல் மாகாணங்களுக்குப் பரவியது. அன்றும் வதந்திகளே நெருப்புக்கு நெய் வார்த்தன. அவை வாய்மொழியாகவும் புகையிரதப் பாதை வழியாகவும் சென்றன. ஆகவே, இணையம் வருவதற்கு முன்னர் மக்கள் விசாரித்தறிந்து நடந்தனர் என்றும், இணையமே அவர்களைக் கெடுத்துவிட்டது என்றும் எழுதுவது வரலாற்றுக்குப் பொருந்தாது.

ஆயினும் இரண்டு மாற்றங்கள் நிகழ்ந்துள்ளன. முதலாவது, வேகம். 1915இல் ஊர்விட்டு ஊர் செல்ல நாட்கள் எடுத்த செய்தி இன்று நொடியில் செல்கின்றது. இரண்டாவது, அதைவிடப் பாரதூரமானது. வாய்மொழி வதந்திக்குக் கூட ஒரு வாய் இருந்தது. 'யார் சொன்னது?' என்று கேட்டால் ஒருவரைச் சுட்டிக்காட்ட முடிந்தது. இன்று வட்ஸ்அப் குழுவில் வந்து விழும் காணொளிக்கு எடுத்தவரும் இல்லை, எடுத்த இடமும் இல்லை, திகதியும் இல்லை. அனுப்பியவர் எமக்கு அறிமுகமான உறவினராகவோ பள்ளித் தோழராகவோ இருப்பதால், அவர் மீதுள்ள நம்பிக்கை அவர் ஒருபோதும் கண்டிராத ஒரு செய்திக்கு இலவசமாகக் கிடைத்துவிடுகின்றது.

ஆங்கிலத்தில் நடக்கும் விவாதம்

இணையம் மனித அறிவை எவ்வாறு மாற்றுகின்றது என்பது பற்றிய உரைகளும் கட்டுரைகளும் ஆங்கிலத்தில் ஏராளம் உண்டு. அவற்றுட் பல எவரும் இலவசமாகக் கேட்கவும் வாசிக்கவும் கூடியவையாகவே இணையத்தில் கிடக்கின்றன. நிக்கலஸ் கார் என்ற அமெரிக்க எழுத்தாளர் 2008இல் 'த அட்லாண்டிக்' சஞ்சிகையில் எழுதிய கட்டுரை, கூகுள் எம்மை மந்தபுத்தியுள்ளவர்களாக்குகின்றதா என்ற வினாவை எழுப்பியது. நீண்ட நூலொன்றை ஆழ்ந்து வாசிக்கும் ஆற்றலைத் தாம் இழந்து வருவதாக அவர் கவலைப்பட்டார். 2011இல் பெட்சி ஸ்பரோ என்ற உளவியலாளரும் சகாக்களும் நடத்திய ஆய்வு, ஒரு தகவலைப் பின்னர் கணினியில் எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணும்போது மனிதர் அத்தகவலை விடுத்து அது இருக்கும் இடத்தையே நினைவில் வைக்க முனைகின்றனர் என்று காட்டியது. அதே ஆண்டில் எலை பரைசர் ஆற்றிய உரையொன்று, தேடுபொறிகளும் சமூக ஊடகங்களும் ஒவ்வொருவருக்கும் அவரவர் விருப்பத்துக்கேற்றதையே காட்டி, ஒவ்வொருவரையும் தனித்தனி நீர்க்குமிழிக்குள் அடைத்துவிடுகின்றன என்று எச்சரித்தது.

இவற்றையெல்லாம் எமது இளைஞர்கள் தேடிக் கேட்க வேண்டும் என்பதில் எமக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் ஒரு வேறுபாட்டை மனதிற் கொண்டு கேட்க வேண்டும். மேற்கு நாட்டவரின் கவலை, தம்மிடம் ஏற்கனவே இருந்த ஒன்றை இணையம் பறித்துக்கொண்டது என்பதாகும். ஊர் தோறும் நூல்நிலையம், வீட்டில் கலைக்களஞ்சியம், தம் மொழியிலேயே எல்லாத் துறைக்கும் பாடநூல் ஆகியன இருந்த சமூகத்தின் கவலை அது. இறக்குவானையிலோ ஹங்குரன்கெத்தையிலோ தோட்டத்து லயன் அறையில் வளரும் பிள்ளைக்கும், அக்குறணையில் கடையைப் பார்த்துக்கொண்டே உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவனுக்கும் அத்தகைய ஒன்று எப்போது இருந்தது? 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. தமிழில் இருந்த பெருந்தொகுதியொன்றின் கதியே அதுவானால், மலையகத்துச் சிற்றூர்களின் நிலையைச் சொல்லத் தேவையில்லை. எமது மக்களிற் பெரும்பாலோர் நூல் தட்டுப்பாட்டிலிருந்து நேரடியாகக் கையடக்கத் தொலைபேசிக்கு வந்து சேர்ந்தவர்கள். அவர்களுக்கு இணையம் ஒரு வரப்பிரசாதமே என்பதை மறுப்பதற்கில்லை. அந்த வரப்பிரசாதம் வந்தபோது எமது மொழிகளில் அது வெறுமையாக இருந்தது என்பதே பிரச்சினையாகும்.

வெற்றிடத்தை நிரப்புவது யார்?

2018ஆம் ஆண்டில் மைக்கல் கோலெபியெவ்ஸ்கி, டானா பொய்ட் ஆகிய ஆய்வாளர்கள் 'தரவு வெற்றிடம்' என்ற கருத்தை முன்வைத்தனர். ஒரு விடயம் பற்றித் தேடும்போது நம்பகமான தகவல் எதுவும் எழுதப்பட்டிராவிடின், தேடுபொறி வெறுமனே இருக்காது. கிடைத்ததை எடுத்துத் தரும். கிடைப்பது விஷமிகள் எழுதியதாக இருந்தால் அதுவே பதிலாகிவிடும்.

திகனைக்கு ஒரு வாரம் முன்னர் அம்பாறையில் நடந்ததை இங்கு நினைவுகூரலாம். முஸ்லிம் உணவகமொன்றில் மலட்டுத்தன்மையை உண்டாக்கும் மாத்திரை உணவில் கலக்கப்பட்டதாக 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு குற்றஞ்சாட்டப்பட்டது. உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. கடைக்காரரை மிரட்டித் தலையாட்ட வைத்த காணொளி நாடெங்கும் பரவியது. பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வில், உணவிலிருந்தது வெறும் மாக்கட்டி என்பது உறுதியானது. ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை என்று ஒன்று மருத்துவ உலகில் இல்லை என்று வைத்தியர்கள் விளக்கினர். அந்த விளக்கம் முன்னரே எளிய சிங்களத்திலும் தமிழிலும் இணையத்தில் எழுதப்பட்டு, தேடியவுடன் கிடைக்கக்கூடியதாக இருந்திருக்குமாயின், அன்றிரவு தேடிப்பார்த்த ஒரு சிலரையாவது அது தடுத்து நிறுத்தியிருக்கும்.

எச்சரிக்கை இல்லாமற் போகவில்லை. அளுத்கமை வன்செயல் நடந்த 2014ஆம் ஆண்டிலேயே, மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் இலங்கையின் பேஸ்புக் பக்கங்களில் பரவும் வெறுப்புப் பேச்சு பற்றி விரிவான அறிக்கையொன்றை வெளியிட்டிருந்தது. நிறுவனம் செவிசாய்க்கவில்லை. சிங்களம் அறிந்த பரிசீலகர்கள் அதனிடம் போதியளவு இருக்கவில்லை என்பது கலவரத்தின் பின்னரே பரவலாகத் தெரியவந்தது. திகனை எரிந்து இரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னர், 2020 மே மாதத்தில் பேஸ்புக் நிறுவனம் தனது தளம் துஷ்பிரயோகம் செய்யப்பட்டதற்கு மன்னிப்புக் கோரியது. மன்னிப்பு வரவேற்கத்தக்கதே. ஆனால் சிறிய சந்தையாகக் கருதப்படும் ஒரு மொழியின் பாதுகாப்பை, இலாபம் தேடும் அந்நிய நிறுவனமொன்று தானாக முன்வந்து கவனித்துக்கொள்ளும் என்று எதிர்பார்ப்பது அனுபவத்துக்கு முரணானது.

தகவல் இருந்தும் பயனற்றுப்போன தருணங்கள்

சரியான தகவல் கிடைத்துவிட்டால் எல்லாம் சீராகிவிடும் என்று கருதுவதும் முழுமையான உண்மையாகாது. கண்டி மாவட்டத்தின் ஹசலக்கையில் 2019 மே மாதம் நடந்ததைப் பாருங்கள். உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பிந்திய நாட்கள் அவை. முஸ்லிம் பெண்மணி ஒருவர் அணிந்திருந்த ஆடையில் தர்மச் சக்கரம் பொறிக்கப்பட்டிருப்பதாகக் கூறிப் பொலிஸார் அவரைக் கைதுசெய்தனர். ஆடையில் இருந்தது கப்பலின் சுக்கான் சக்கரம். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க ஒரு கையடக்கத் தொலைபேசியும் ஒரு நிமிடமும் போதும். அந்த ஒரு நிமிடத்தை எவரும் செலவிடாததால் அவர் இரண்டு வாரங்களுக்கும் மேலாக விளக்கமறியலில் இருக்க நேர்ந்தது. அவரது அடிப்படை உரிமை மீறப்பட்டதாக உயர் நீதிமன்றம் பின்னர் தீர்ப்பளித்தது.

அதே மாதத்தில் குருநாகல் வைத்தியர் ஒருவர் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு அவர்கள் அறியாமல் கருத்தடை செய்தார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அது முதலில் வெளிவந்தது வட்ஸ்அப் குழுவொன்றில் அல்ல, தேசிய நாளிதழ் ஒன்றின் முதற்பக்கத்தில். அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் ஜூன் மாத இறுதியில் நீதிமன்றத்துக்கு அறிவித்தது. இணையத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் பத்திரிகைகள் இதனை மறந்துவிடக்கூடாது.

கொவிட் காலத்தில் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்ட துயரமும் இவ்வகையிலேயே சேரும். தொற்றால் இறந்தவர்களை அடக்கம் செய்யவும் முடியும், தகனம் செய்யவும் முடியும் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் 2020 மார்ச் மாதம் முதல் இணையத்தில் எவரும் காணக்கூடியதாக இருந்தது. ஆயினும் நிலத்தடி நீர் மாசடையும் என்ற ஆதாரமற்ற கூற்றின் பேரில், 2020 ஏப்ரல் வர்த்தமானி தகனத்தைக் கட்டாயமாக்கியது. 2021 பெப்ரவரி இறுதியிலேயே அது மாற்றப்பட்டது. அரசாங்கம் மன்னிப்புக் கோருவதற்கு 2024 ஜூலை வரை செல்ல வேண்டியிருந்தது. இங்கே தகவலுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. தமக்கு வசதியான கூற்றைச் சோதிக்காமல் ஏற்கவும், வசதியற்ற ஆதாரத்தைப் புறந்தள்ளவும் அதிகாரத்திலிருந்தோர் தயாராக இருந்தனர் என்பதே நடந்தது.

தடையும் சட்டமும் போதுமா?

ஆட்சியாளர்கள் கண்டறிந்த ஒரே மருந்து, இணைப்பைத் துண்டிப்பதாகும். 2018இல் ஒரு முறை, 2019 ஏப்ரலில் ஒரு முறை, 2022 ஏப்ரலில் மக்கள் போராட்டம் சூடுபிடித்த வேளையில் இன்னொரு முறை என சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. தடையைச் சுற்றிச் செல்லும் மென்பொருட்களை இளைஞர்கள் சில மணித்தியாலங்களில் கற்றுக்கொண்டனர். மறுபுறம், உறவினர் உயிருடன் இருக்கின்றாரா என்று அறியத் துடித்த சாதாரண குடும்பங்களே அல்லலுற்றன. 2024 ஜனவரியில் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேற்றப்பட்டபோது, எது உண்மை எது பொய் என்று தீர்மானிக்கும் அதிகாரம் அரசு நியமிக்கும் ஆணைக்குழுவிடம் செல்வது கருத்துச் சுதந்திரத்துக்கு ஆபத்தாகும் என்று உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் எதிர்ப்புக் கிளம்பியது. ஜனாஸா விவகாரத்தில் தவறான கூற்றை வர்த்தமானியாக வெளியிட்டதும் அரசே என்பதை நினைவில் வைத்திருக்கும் சிறுபான்மையினர் அந்த எதிர்ப்பின் நியாயத்தை உணர்வர். வன்செயலைத் தூண்டுவோரைத் தண்டிக்கச் சட்டம் தேவை. ஆனால் அறிவைச் சட்டத்தால் உண்டாக்க முடியாது.

எம்மிடம் இருந்த முறை

அவ்வாறாயின் செய்ய வேண்டியது என்ன? விடை மேற்கிலிருந்து வந்தாக வேண்டும் என்பதில்லை. செய்தியைச் சோதிக்கும் முறையொன்று எமது இரு சமூகங்களின் மரபிலும் உண்டு.

முஸ்லிம்கள் இதனை நன்கறிவர். நபிமொழி ஒன்றை ஏற்பதற்கு அதன் வாசகம் மாத்திரம் போதாது. அதை யார் யாரிடமிருந்து கேட்டார், அவர் எவரிடமிருந்து கேட்டார், இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்து சந்தித்திருக்க முடியுமா, அவர்களின் நினைவாற்றலும் நேர்மையும் எத்தகையவை என்றெல்லாம் ஆராய்ந்து, அறிவிப்பாளர் வரிசையைச் சோதித்த பின்னரே அதனை ஏற்பர். இமாம் புகாரி முதலானோர் இதற்காகத் தம் வாழ்நாளையே செலவிட்டனர். அறிவிப்பாளர்களின் வாழ்க்கை வரலாறுகளை ஆராய்வதற்கென்றே தனிக் கலையொன்று வளர்ந்தது. செய்தி வந்தால் அதனைத் தீர விசாரியுங்கள் என்ற அறிவுறுத்தல் திருக்குர்ஆனின் ஹுஜுராத் அத்தியாயத்திலேயே இடம்பெற்றிருக்கின்றது.

தமிழிலும் இதற்கு இணையான உழைப்பு உண்டு. சொல்பவர் யாராயினும் சொல்லப்பட்டதன் உண்மையைக் காண்பதே அறிவு என்ற கருத்து திருக்குறளின் அறிவுடைமை அதிகாரத்தில் உள்ளது. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி.வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். அதே ஆண்டில் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை வெளியிட்டார். ஏட்டுச் சுவடி ஒன்று கிடைத்தவுடன் அதனை அப்படியே அச்சேற்றிவிடாமல், ஊர் ஊராகத் தேடிப் பல பிரதிகளைச் சேர்த்து ஒப்பிட்டு, பாடவேறுபாடுகளைக் குறித்து, எது ஏற்புடையது என்று தீர்மானித்தவர்கள் அவர்கள்.

இவ்விரண்டு மரபுகளும் கேட்கும் கேள்வி ஒன்றே: இது எங்கிருந்து வந்தது, இடையில் யார் யார் கையால் வந்தது? மார்க்கக் கல்வியிலும் இலக்கியக் கல்வியிலும் நாம் போற்றும் இந்தக் கேள்வியை, அன்றாடம் கைக்கு வரும் செய்தியிடம் கேட்க மறந்துவிட்டோம். நபிமொழிக்கு அறிவிப்பாளர் வரிசை கேட்கும் ஒருவரே, 'அவசரம், எல்லோருக்கும் அனுப்பவும்' என்று வந்த குறுஞ்செய்தியை விசாரிக்காமல் அனுப்புகின்றார். இந்த முரண்பாடு பற்றிக் குத்பாக்களிலும் ஆலய அறநெறி வகுப்புகளிலும் பேசப்பட வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு பரவிவரும் இந்நாட்களில் இத்தேவை மேலும் கூடியிருக்கின்றது. கேட்டவுடன் அழகிய தமிழில் விடை தரும் இயந்திரங்கள் வந்துவிட்டன. அவை பயனுள்ளவை, ஆனால் சில வேளைகளில் இல்லாத நூலையும் நடவாத நிகழ்வையும் உறுதியான தொனியில் சொல்லிவிடுபவை. வட்ஸ்அப் செய்திக்காவது அனுப்பியவர் ஒருவர் உண்டு. இயந்திரம் தரும் விடையில், மூலம் எதுவென்று கேட்டறியாத வரை, வரிசையே இல்லை.

நிரப்பத் தொடங்கியவர்கள்

வெற்றிடத்தைக் குறைகூறிக்கொண்டிராமல் நிரப்ப முன்வந்தவர்களும் உள்ளனர். 1998 தைப்பொங்கல் காலத்தில் சுவிட்சர்லாந்தில் வாழும் கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் இலக்கியங்களைத் தன்னார்வலர்களின் உழைப்பால் இலவச மின்னூல்களாக்கியது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை ஆரம்ப காலத்தில் கட்டியெழுப்பியவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த மயூரநாதன். 2005இல் தோன்றிய நூலகம் திட்டம், இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்களின் நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகளை எண்ணிம வடிவில் சேகரித்து வருகின்றது. முஸ்லிம், மலையகச் சமூகங்களின் ஆவணங்களுக்கும் அது இடமளித்துள்ளது. யாழ்ப்பாணத்தில் ஒரே இரவில் எரிந்தது போல் இனியொரு முறை எரிந்துபோகாதிருக்க இதுவே சிறந்த காப்பு.

கண்டிக்கு இதில் ஒரு தனி உரிமை உண்டு. 1838இல் கண்டியிற் பிறந்த சட்டத்தரணி எம்.சி. சித்திலெப்பை, அச்சு இயந்திரம் புதிய ஊடகமாக இருந்த காலத்தில் 1882 டிசம்பரில் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1885இல் அவர் வெளியிட்ட 'அசன்பேயுடைய கதை' இலங்கையின் முதற் தமிழ் நாவலாகக் கருதப்படுகின்றது. புதிய ஊடகம் தம் சமூகத்தைக் கெடுத்துவிடும் என்று அவர் ஒதுங்கியிருக்கவில்லை. தம் மக்கள் அறிய வேண்டியதைத் தம் மக்களின் மொழியில் அதன் வழியாகவே தந்தார். அவர் பிறந்த ஊரின் இன்றைய கல்விமான்கள் செய்ய வேண்டியதும் அதுவே.

உயிர் காக்கும் மொழி

இது வெறும் கலாசாரப் பணி அல்ல. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளி நாட்டைத் தாக்கியபோது 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மாவட்டங்களுள் ஆகக்கூடிய உயிர்களைப் பறிகொடுத்தது கண்டியே. மலைச்சரிவுகளில் வீடுகள் மண்ணுள் புதைந்தன. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைகளை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று கட்டங்களாக வெளியிடுகின்றது. சிவப்பு என்றால் உடனே வெளியேற வேண்டும் என்பது பொருள். அனர்த்த எச்சரிக்கைகள் தமிழில் உரிய வேளையிற் கிடைக்கவில்லை என்ற குறை அந்நாட்களில் பரவலாக எழுந்தது. தோட்டத்து லயன்களில் வாழ்வோருக்கு எச்சரிக்கை புரியாத மொழியில் வந்தால், அது வராததற்குச் சமம். பொய்ச் செய்தி விரைந்து வந்ததால் திகனையில் ஓர் உயிர் போனது. மெய்ச் செய்தி தாமதித்தாலும் உயிர் போகும் என்பதை மலைகள் உணர்த்தியுள்ளன.

இனிச் செய்யக்கூடியவை

பெரும் நிதி தேவைப்படாத சில காரியங்கள் உண்டு. பேராதனைப் பல்கலைக்கழகம் பேராசிரியர்கள் கணபதிப்பிள்ளை, வித்தியானந்தன், தில்லைநாதன், நுஃமான் போன்றோர் பணியாற்றிய இடமாகும். மருத்துவம், பொறியியல், விவசாயம், புவியியல் என எல்லாத் துறைகளிலும் தமிழ் பேசும் விரிவுரையாளர்கள் அங்குள்ளனர். ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஓர் உரையை எளிய தமிழிற் பதிவுசெய்து இணையத்தில் ஏற்றினால், பத்து ஆண்டுகளில் எமது மொழியில் ஒரு பெருங்களஞ்சியம் உருவாகிவிடும். தடுப்பூசி, கருத்தடை, மண்சரிவு, நிலத்தடி நீர் போன்றவை பற்றிய உரைகள் சிங்களத்திலும் வெளிவருமாயின் அதன் பயன் இரட்டிப்பாகும். ஏனெனில் எம்மைப் பற்றிய பொய்களிற் பல எமது மொழியில் எழுதப்படுவதில்லை. அவற்றுக்கான பதிலும் எமது மொழியில் மாத்திரம் இருந்து பயனில்லை.

பாடசாலைகளில் கணினியை இயக்கக் கற்பிப்பதோடு, கணினி காட்டுவதைச் சோதிக்கவும் கற்பிக்க வேண்டும். ஒரு படத்தின் மூலத்தைத் தேடுவது எவ்வாறு, ஒரு செய்தியின் திகதியைப் பார்ப்பது எவ்வாறு, இரண்டாவது ஆதாரம் ஒன்றைக் காண்பது எவ்வாறு என்பவற்றை ஒரு தவணைக்குள் கற்பித்துவிடலாம். பள்ளிவாசல் நிர்வாக சபைகளும் ஆலய பரிபாலன சபைகளும், பதற்றமான வேளைகளில் அயலிலுள்ள விகாரையின் தலைமைத் தேரரோடும் பொலிஸ் நிலையத்தோடும் நேரடியாகப் பேசி உண்மையை அறிந்து மக்களுக்குச் சொல்லும் ஒழுங்கை முன்கூட்டியே செய்துகொள்ளலாம். பத்திரிகைகள் முந்திக்கொள்ளும் போட்டியைக் கைவிட்டு, செய்தியின் மூலத்தைத் தெளிவாகக் குறிப்பிடும் ஒழுக்கத்தைப் பேண வேண்டும். வாசகர் விசாரிக்க வேண்டுமென்று கோரும் உரிமை, விசாரித்து எழுதுவோருக்கு மாத்திரமே உண்டு.

ஒவ்வொருவரும் இன்றே செய்யக்கூடியது ஒன்றுண்டு. அடுத்து வரும் செய்தியை மற்றவருக்கு அனுப்புமுன், அனுப்பியவரிடம் 'இது உங்களுக்கு எங்கிருந்து கிடைத்தது?' என்று மரியாதையுடன் கேட்பது. பெரும்பாலும் அவருக்கும் தெரிந்திராது. ஆனால் கேள்வி கேட்கப்படும் குழுவில் அடுத்த முறை அனுப்புவதற்கு முன்னர் அவர் ஒரு கணம் யோசிப்பார். திகனையிலும் ஹசலக்கையிலும் கிடைக்காமற் போனது அந்த ஒரு கணமே.